40 அடி மதிலில் காசநோய்: எதை வரைவது, எப்படி வரைவது?

#1 · சேத்துப்பட்டு_வாசி · ஜனவரி 10

வணக்கம். சேத்துப்பட்டில் எங்கள் தெரு முனையில் ஒரு காம்பவுண்டு மதில். நீளம் 40 அடி, உயரம் 8 அடி. செங்கல் கட்டு, மேலே சிமென்ட் பூச்சு, பழைய சுவர். மேற்குப் பார்த்தது. எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தம். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தந்துவிட்டார். மார்ச் 24, உலகக் காசநோய் நாளுக்குள் ஓவியம் முடிய வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் வரைவு இது: நடுவில் எலும்பும் தோலுமாக ஒரு பெரியவர் இருமுகிறார். அவர் வாயிலிருந்து கோரைப்பல் வைத்த பச்சைக் கிருமிகள் பறக்கின்றன. மேலே "கொடிய காசநோய்" என்று சிவப்பு எழுத்து. சங்கத்தில் பாதிப் பேருக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் பதிலுக்கு என்ன என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. காசநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில், அந்த ஆராய்ச்சியையே சுவரில் கொண்டுவர முடியுமா? நோய், நுண்ணுயிர், சுவர், பெயின்ட் எது தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

#2 · தொடர்சிகிச்சை · ஜனவரி 10

அந்தப் பெரியவரை முதலில் எடுத்துவிடுங்கள். அந்த பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஒருவர் மாத்திரை வாங்கப் போகிறவராக இருக்கலாம். எதிரே 8 அடி உயரத்தில் "நீ இப்படித்தான் ஆகப்போகிறாய்" என்று சுவர் சொன்னால், அவர் அடுத்த மாதம் வேறு வழியாகப் போவார். சிகிச்சை தொடங்கியவர்கள் பாதியில் நிற்பதற்குக் கூச்சமும் ஒரு பெரிய காரணம். எலும்பும் தோலுமாக இருப்பவருக்குத்தான் காசநோய் வரும் என்ற நினைப்பும் தப்பு. நன்றாக உடம்பு வைத்தவருக்கும் வரும், கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் வரும். "கொடிய" என்ற சொல்லும் வேண்டாம். ஆறு மாத மருந்தில் குணமாகும் நோய் இது.

ஆராய்ச்சியைக் கேட்டீர்கள், அது உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. இன்றைக்கு அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய் வந்தால் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்பதுதான் அன்று உலகம் முழுக்க விதி. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையப் பெயர் அந்தக் காலத்தின் மிச்சம்.

வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் சென்னையில் செய்த ஆய்வில் 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், இன்னொரு பிரிவு தங்கள் வீட்டிலேயே, நெருக்கடியான குடியிருப்புகளில். இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோநயாசிட், கூடவே பாஸ் என்ற இன்னொரு மருந்து, ஒரு வருடம். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் வீட்டார்களைத் தொடர்ந்து கவனித்ததில், வீட்டில் வைத்துப் பார்த்ததால் தொற்று கூடவில்லை என்றும் தெரிந்தது. உலகமே படுக்கைகளைக் குறைத்துக்கொண்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாற அந்த ஆய்வுதான் அடித்தளம்.

ஆகவே என் யோசனை: கிருமி வேண்டாம், வீடு. திறந்த ஜன்னல்.

#3 · ராயபுரம்_மலர் · ஜனவரி 11

தொடர்சிகிச்சை அக்கா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் பயம் இல்லாமல் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்களா? 2020-ல் சென்னையில் போலீஸ்காரர் ஒருவர் கொரோனா வைரஸ் வடிவ ஹெல்மெட் போட்டு நின்றது ஊரெல்லாம் பேச்சானது. ரோட்டில் பெரிதாக வைரஸ் வரைந்தார்கள். நின்று பார்த்தார்களே.

#4 · தொடர்சிகிச்சை · ஜனவரி 11

நல்ல கேள்வி மலர். அன்று வேண்டியது ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது. பயம் அதற்கு உதவும். காசநோயில் வேண்டியது நேர் எதிர்: இருமல் இரண்டு வாரம் தாண்டியவர் தானாக வெளியே வந்து சளி கொடுக்க வேண்டும், பிறகு ஆறு மாதம் வந்துகொண்டே இருக்க வேண்டும். பயந்தவர் ஒளிந்துகொள்வார்.

நம் ஊரில் நோய்க்குப் பொதுவெளியில் உருவம் கொடுப்பது புதிதும் இல்லை. பெரியம்மை ஆளைக் கொன்றுகொண்டிருந்த காலத்திலும் அதற்கு "அம்மை" என்று பேர், கொப்புளத்துக்கு "முத்து" என்று பேர், வாசலில் வேப்பிலை. நோயாளி இருக்கும் இடத்தைச் சுத்தமாக, மரியாதையாக நடத்தினார்கள். மருத்துவம் இல்லாத காலத்திலேயே நோயாளியை அரக்கனாகக் காட்டவில்லை. மருந்து இருக்கும்போது நாம் ஏன் காட்ட வேண்டும்?

இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் 2021-ல் வரைந்த எச்ஐவி ஓவியத்தைப் போய்ப் பாருங்கள். சுவர் முழுக்க முகங்கள் மட்டும். யாருக்குத் தொற்று, யாருக்கு இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்த "முடியாது"தான் அங்கே செய்தி.

#5 · நீலக்கண்ணாடி · ஜனவரி 12

ஆய்வகப் பக்கத்திலிருந்து. கிருமி வரைவதானால் அதை ஒழுங்காக வரையுங்கள். பச்சைக் கோரைப்பல் உருண்டை காசநோய்க் கிருமியே இல்லை. அது மெல்லிய குச்சி, சற்று வளைந்தது. நீளம் 2 முதல் 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), தடிமன் அரை மைக்ரானுக்கும் கீழே. பல்லும் கிடையாது, வாலும் கிடையாது.

நிறத்துக்கும் காரணம் உண்டு. சீல்–நீல்சன் என்ற சாயமேற்றும் முறையில் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காய வைத்து, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி வரும்வரை கீழே சூடு காட்டி 5 நிமிடம் விடுவார்கள். கழுவி, 25 சதவீதக் கந்தக அமிலம் 2 முதல் 4 நிமிடம். மற்ற எல்லாவற்றிலும் சிவப்பு போய்விடும். இந்தக் கிருமியின் மெழுகுத் தோல் மட்டும் விடாது. கடைசியாக மெத்திலீன் நீலம் 30 விநாடி. ஆகவே நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள்.

சுவர் ஓவியங்களில் அடிக்கடி நடக்கும் தப்பு அளவில்தான். நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கில் தெரியும் வட்டத்தின் அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர். அதை உங்கள் சுவரில் 5 அடி, அதாவது ஒன்றரை மீட்டர் வட்டமாக வரைந்தால் 7,500 மடங்கு. 3 மைக்ரான் கிருமி இரண்டேகால் சென்டிமீட்டர், கட்டைவிரல் நகத்தின் நீளம். ரோட்டுக்கு எதிரே இருந்து தெரியவே தெரியாது. பஸ்ஸிலிருந்து தெரிய வேண்டும் என்று கிருமியை ஓரடியாக்கினால் லட்சம் மடங்கு. அந்தக் கணக்கில் ரத்தச் சிவப்பணு 75 சென்டிமீட்டர், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல் 2 மீட்டர். இரண்டு அளவையும் ஒரே படத்தில் கலக்கக் கூடாது. ஓரடிக் கிருமிக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு செல்லை வைத்தால் படிக்கும் பிள்ளைகளுக்குத் தப்பான பாடம் போகும்.

எண்ணிக்கையும் அப்படித்தான். ஒரு வட்டத்துக்குள் பத்துக்கு மேல் கிருமி இருந்தாலே ஆய்வகத்தில் அது மூன்று பிளஸ், உச்சப் பிரிவு. வட்டத்தில் இருநூறு குச்சி வரைந்தால் நிஜத்தில் அரிதாகவே பார்க்கக் கிடைக்கும் தகடு ஆகிவிடும்.

#6 · சாரக்கட்டை · ஜனவரி 12

எதை வரைவது என்பதை நீங்கள் பேசுங்கள். நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நாள் குறைவு.

காம்பவுண்டு மதிலில் ஓதம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண் ஈரம் மேலே ஏறும், உப்புப் பூக்கும், பெயின்ட் தோலாக உரியும். அதனால் முதலில் சோதனை: இரண்டடிச் சதுரமாகக் கெட்டியான பாலிதீன் ஷீட் நான்கு எடுத்து, தரையிலிருந்து 1 அடி, 3 அடி, 5 அடி, 7 அடி உயரத்தில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். 24 மணி நேரம். உள்பக்கம் நீர்த்துளி நின்றால் அந்த உயரம் வரை சுவர் ஈரம். கையால் தட்டியும் பாருங்கள். "டொப் டொப்" என்று வெற்று ஓசை வந்தால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. அதை உளி வைத்துக் கொத்தி எடுக்க வேண்டும்.

கொத்திப் பூசிய இடத்துக்கு நீர் கட்டி 28 நாள் விட வேண்டும். அதற்கு முன் பெயின்ட் ஏறினால் புதுச் சிமென்ட்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். நீலம் தப்பிக்கும், சில மஞ்சளும் சிவப்பும் திட்டுத்திட்டாக வெளுக்கும். மார்ச் 24-ல் முடிய வேண்டுமென்றால் பூச்சு வேலை ஜனவரி கடைசிக்குள் முடிந்தாக வேண்டும்.

வெள்ளையாகப் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, தூளைக் கூட்டி அள்ளிவிடுங்கள். பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்து அரை மணி விட்டு, தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காய விடுங்கள். வெளிச்சுவரில் பட்டி பார்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு பக்கம் ஈரம் குடிக்கும் சுவரில் முதலில் கழலுவது பட்டிதான்.

ஒரு விஷயம் உறுதி செய்யுங்கள்: பூச்சு சிமென்ட்தானா, சுண்ணாம்பா? இந்தப் பக்கத்தில் பழைய பங்களா மதில்கள் பல சுண்ணாம்புக் காரை. அதன் மேல் அக்ரிலிக் எமல்ஷன் அடித்தால் மூச்சு அடைபட்டு, ஒரு மழைக்காலத்தில் பாளம் பாளமாக வரும். சுண்ணாம்பென்றால் மண் நிறமிகளைச் சுண்ணாம்பில் கலந்து அடிக்க வேண்டும், திட்டமே மாறும்.

#7 · வெல்டிங்_பட்டறை · ஜனவரி 13

மன்னிக்கவும், கொஞ்சம் வேறு வழி. சுவரை விட்டுவிட்டு முனையில் ஒரு சிற்பம் வைக்கலாமே? மருத்துவ ஆராய்ச்சி என்றால் சென்னைக்குச் சொந்தமான உருவம் கொலாஜன் என்ற புரதத்தின் முச்சுருள்தான். ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954–55-ல் கண்டது. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் அதுதான் கயிறு. கலிஃபோர்னியாவில் தென் சான் பிரான்சிஸ்கோ பூங்காவில் ஏற்கெனவே அதற்குத் துருப்பிடிக்காத எஃகில் சிற்பம் வைத்துவிட்டார்கள். செய்தவர் யூலியன் ஃபோஸ்–ஆண்ட்ரே. கண்டுபிடித்த ஊரிலும் தெருவுக்கு ஒன்று நிற்க வேண்டாமா?

1 நானோமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்தால், நாலரை மீட்டர் சிற்பத்தில் 15 நானோமீட்டர் அடங்கும். மூன்று குழாய்களும் சேர்ந்த கனம் 45 சென்டிமீட்டர். ஒவ்வொரு இழையிலும் ஏறக்குறைய 52 அமினோ அமிலம், மூன்றுக்கு ஒன்று கிளைசின், அது எப்போதும் உள்பக்கம். கிளைசின் மட்டும்தான் அந்த இடுக்கில் அடங்கும். அந்த இடத்தில் வேறொன்று வந்தால் எலும்பு சுலபமாக நொறுங்கும் பிறவி நோய்.

பட்டறையில் கெடும் இடம் முறுக்கின் திசை. தனி இழை ஒவ்வொன்றும் இடப்பக்கம் முறுகும். மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுகும். இதை ஆளிடம் "வலம்புரி" என்று சொல்லி வேலை கொடுக்காதீர்கள். வலம்புரிச் சங்கின் சுழற்சி, திருகுக் கணக்கில் பார்த்தால் இடச் சுழற்சி. "சாதாரண ஸ்க்ரூ மரை மாதிரி" என்று சொல்லி, கையில் ஒரு போல்ட்டையும் கொடுத்துவிடுங்கள்.

எஃகு 316 வாங்குங்கள். 304 கடல்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும், வெல்டு ஓரத்தில் முதலில் தெரியும். சென்னைக்கு வடிவமைப்புக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். 2016 டிசம்பர் வர்தா புயலை நினைத்துக்கொண்டு அஸ்திவாரம் போட வேண்டும். பொறியாளர் கையெழுத்து இல்லாமல் நடைபாதையில் எதுவும் நிறுத்தக் கூடாது.

#8 · மட்டுறுத்துநர் · ஜனவரி 13

கொலாஜன் சிற்பத்துக்குத் தனி இழை தொடங்கிவிட்டேன், அங்கே வாருங்கள். இங்கே மதில் மட்டும்.

#9 · சேத்துப்பட்டு_வாசி · ஜனவரி 15

சோதனை முடிந்தது. 1 அடி ஷீட்டில் நன்றாகத் தண்ணீர். 3 அடி ஷீட்டில் கீழோரம் மட்டும் லேசான பனிப்பு. 5 அடி, 7 அடி சுத்தமாகக் காய்ந்திருக்கின்றன. வெற்று ஓசை இரண்டே இடத்தில், முறம் அளவு. காரையைச் சுரண்டிப் பார்த்தோம், சிமென்ட்தான்.

பெரியவரும் பச்சைக் கிருமியும் போயாச்சு. ஜன்னல் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஜன்னல் மட்டும் வரைந்தால் அழகான ஜன்னலாக நின்றுவிடுமோ, ஆராய்ச்சி எங்கே என்று கேட்கிறார்கள்.

#10 · நீலக்கண்ணாடி · ஜனவரி 15

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையிலிருந்து கிரேட் ஷெல்ஃபோர்டு போகும் சைக்கிள் பாதையில் 10,257 வண்ணப் பட்டைகள் போட்டிருக்கிறார்கள். மார்பகப் புற்றோடு தொடர்புள்ள பிஆர்சிஏ2 மரபணுவின் எழுத்துகள். ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துக்கு நான்கு நிறம். யாரும் எதையும் விளக்காமலே ஒரு மரபணுவின் நீளம் காலுக்குத் தெரிந்துவிடுகிறது.

உங்களுக்கு 10,257 வேண்டாம். 81 போதும். ரிஃபாம்பிசின் காசநோய் மருந்துகளில் முதுகெலும்பு. கிருமியின் ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்து கொண்ட ஒரு சிறு பகுதியில் ஏற்படும் மாற்றங்களால்தான் பெரும்பாலும் அந்த மருந்து கேட்காமல் போகிறது. அரசு மருத்துவமனைகளில் செய்யும் சிபிநாட் சோதனை தேடிப் பார்ப்பதும் அதே 81 எழுத்தைத்தான். கிருமியின் முழு மரபணுத் தொகுதி 44 லட்சம் எழுத்துக்கு மேல், 1998-ல் வெளியானது. அதில் இந்த 81.

கணக்குப் பாருங்கள்: 40 அடி என்பது 12.19 மீட்டர். ஒரு பட்டைக்கு 15 சென்டிமீட்டர் என்றால் 81 பட்டை 12.15 மீட்டர். சுவர் இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கிறது.

மூன்று மூன்றாக, இடமிருந்து வலம்:

ஜிஜிசி ஏசிசி ஏஜிசி சிஏஜி சிடிஜி ஏஜிசி சிஏஏ டிடிசி ஏடிஜி
ஜிஏசி சிஏஜி ஏஏசி ஏஏசி சிசிஜி சிடிஜி டிசிஜி ஜிஜிஜி டிடிஜி
ஏசிசி சிஏசி ஏஏஜி சிஜிசி சிஜிஏ சிடிஜி டிசிஜி ஜிசிஜி சிடிஜி

சி 28, ஜி 24, ஏ 18, டி 11. இந்தக் கிருமிக்கே ஜி–சி அதிகம், இந்தத் துண்டிலும் அது தெரிகிறது. அடிக்கடி காணும் மாற்றம் 25-வது மும்மையில்: டிசிஜி என்பது டிடிஜி ஆகும். இடமிருந்து எண்ணினால் 74-வது பட்டை. சி-யின் நிறம் டி-யின் நிறமாகும். அவ்வளவுதான் மாற்றம், கிருமியின் புரதத்தில் செரின் என்ற அமினோ அமிலம் போய் லூசின் வரும், மருந்து பிடிக்கும் இடம் நழுவிவிடும்.

74-வது பட்டையை மட்டும் மேல்பாதி சி நிறம், கீழ்பாதி டி நிறம் என்று பிரித்துக் காட்டலாம். பெயின்ட் அடிக்கும் முன் இந்த வரிசையைப் பொதுத் தரவகத்தில் எச்37ஆர்வி என்ற மாதிரிக் காசநோய்க் கிருமியின் வரிசையோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள். இடவலம் மாற்றவோ, அழகுக்காக இரண்டு பட்டையைச் சேர்க்கவோ கூடாது. மாற்றினால் அது வேறொரு வாக்கியம்.

#11 · தொடர்சிகிச்சை · ஜனவரி 16

81 பட்டை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் "மருந்தை விட்டால் கிருமி மாறும்" என்று எழுதிவிடாதீர்கள். இடையில் நிறுத்துவதால் எதிர்ப்பு வருவது உண்மை. ஆனால் எதிர்ப்புள்ள கிருமியே நேராக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் உண்மை. ஒரு மாத்திரைகூட விடாதவருக்கும் 74-வது பட்டை மாறியிருக்கலாம். அவர் இந்தச் சுவரைப் பார்த்துத் தன்னைக் குற்றவாளியாக நினைக்கக் கூடாது. இப்படி எழுதலாம்: "ஓர் எழுத்து மாறினால் ஒரு மருந்து கேட்காது. வேறு மருந்து உண்டு."

ஜன்னல் ஆறு வரையுங்கள், மாதத்துக்கு ஒன்றாக. ஆனால் முதல் ஜன்னல் மூடி, கடைசி ஜன்னல் திறந்து என்று வேண்டாம். அழகாக இருக்கும், சேதி தப்பு. காற்றோட்டம் அதிகம் தேவைப்படுவது முதல் வாரங்களில்தான். ஆறும் திறந்தே இருக்கட்டும். ஆறு மாதம் என்பது இன்றைய சிகிச்சை, 1959 ஆய்வில் ஒரு வருடம். அந்த ஆண்டை எழுதும்போது இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஜன்னலுக்குள் சாதாரண வீடு போதும்: கொடியில் துணி, படிக்கும் பிள்ளை, ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிடும் இருவர். தட்டால் டம்ளரால் காசநோய் பரவாது. அதை எழுதுவதைவிட வரைவது நல்லது.

#12 · சாரக்கட்டை · ஜனவரி 17

இப்போது சுவரைப் பிரிக்கலாம். கீழே இரண்டரை அடி ஈரப்பகுதி. அதில் ஓவியம் வேண்டாம். பூச்சைச் சரிபார்த்து, சுண்ணாம்பு வெள்ளையோ காவியோ மட்டும் அடித்து விடுங்கள், வருடாவருடம் மறுபடி அடித்துக்கொள்ளலாம். எமல்ஷன் போட்டு மூடினால் ஈரம் மேலே ஏறிப் படத்தைத் தாக்கும். அதற்கு மேல் இரண்டரை அடி பட்டை வரிசை. அதற்கு மேல் மூன்றடி ஜன்னல்கள்.

பட்டை போடும்போது செய்யக்கூடாதது: ஒரு பட்டையின் ஓரத்திலிருந்து அடுத்ததை 15 சென்டிமீட்டர் என்று அளந்துகொண்டே போவது. ஒவ்வொரு முறையும் பென்சில் கனம் 2 மில்லிமீட்டர் தப்பினால், 81 பட்டை முடியும்போது 16 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும். ஒரு முழுப் பட்டை சுவரில் இடம் இல்லாமல் போகும். இடது ஓரத்தில் ஒரே பூஜ்யம் வைத்து, எஃகு டேப்பை முழு நீளமும் இழுத்துக் கட்டி, 15, 30, 45 என்று டேப்பிலிருந்தே குறியுங்கள். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் தனித்தனியாகக் குறித்து, தூக்குக் குண்டு வைத்துச் சரிபார்த்து, நூல் அடியுங்கள். நூலுக்கு நீலப்பொடி வேண்டாம், வெள்ளை எமல்ஷனில் கசியும். லேசான காவி போதும்.

மட்டத்துக்கு ரோட்டை நம்பாதீர்கள், அது மழைநீர்க் கால்வாய்ப் பக்கம் சரியும். ட்யூப் லெவலில் இரண்டு முனையும் பிடித்துக் கோடு போடுங்கள்.

ஒவ்வொரு பட்டைக்குள்ளும் எழுத்தைப் பென்சிலால் எழுதிவிட்டு, ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் சுவரைத் தொட்டுச் சொல்ல வேண்டும். பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கி ஒருமுறை. எண்ணிக்கை 28, 24, 18, 11 வந்தால்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

ஓரம் கசியாமல் இருக்க: மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப் ஓரத்தில் முதலில் அடிநிறமான வெள்ளையையே ஒருமுறை இழுங்கள். சொரசொரப்பில் இருக்கும் சந்துகளை வெள்ளை அடைத்துவிடும். காய்ந்த பிறகு நிறம். இரண்டாம் கோட் லேசாக ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த பின் உரித்தால் ஓரத்தோடு பிய்ந்து வரும். மேற்குச் சுவர் என்பதால் காலை முழுக்க நிழல், அது வரம். பனி ஈரம் காய எட்டரை மணி ஆகும். எட்டரை முதல் பன்னிரண்டு வரை மட்டும் அடியுங்கள். மதிய வெயிலில் எமல்ஷன் பிரஷ்ஷிலேயே காயும், பட்டைக்குள் கோடு கோடாக நிற்கும்.

#13 · எழுத்துப்பலகை · ஜனவரி 17

எழுத்துக்கு ஒரு குறிப்பு. படிக்கும் தூரம் 10 அடிக்கு 1 அங்குலம் என்ற கணக்கு ஆங்கில எழுத்துக்குப் போதும். தமிழுக்கு ஒன்றரை மடங்கு வையுங்கள். எதிர்ச்சாரி 40 அடி என்றால் 6 அங்குலம். கோட்டின் கனம் உயரத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தடித்தால் சுழிகள் அடைபட்டு ண, ன இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டும்.

மொத்தமே மூன்று வரி போதும். தொடர்சிகிச்சை சொன்ன வரி ஒன்று. "இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்" என்று ஒன்று. உதவி எண் 1800-11-6666 ஒன்று. எண்ணை மற்ற எழுத்தைவிடப் பெரிதாக எழுதுங்கள். கியூஆர் கட்டம் சுவரில் கையால் வரைய வேண்டாம், கட்டங்கள் நிறையப் பிசகினால் திறக்காது. எனாமல் தகட்டில் அச்சடித்து ஆணி வையுங்கள்.

#14 · சேத்துப்பட்டு_வாசி · ஜனவரி 18

எல்லோருக்கும் நன்றி. பூச்சு வேலை நாளை தொடங்குகிறது. இரண்டு கேள்வி. நான்கு நிறம் எவை? இன்னொன்று பெரிய சிக்கல்: வலது முனையில் மின்வாரிய பில்லர் பெட்டி சுவரை ஒட்டி நிற்கிறது. இடது ஓரத்திலிருந்து 10.80 மீட்டர் முதல் 11.50 மீட்டர் வரை, நாலரை அடி உயரம். நீலக்கண்ணாடி சொன்ன 74-வது பட்டை 10.95-லிருந்து 11.10. சரியாகப் பெட்டிக்குப் பின்னால்.

#15 · நீலக்கண்ணாடி · ஜனவரி 18

அந்தப் பட்டை மறைந்தால் மற்ற 80-ம் வெறும் அலங்காரம். வலமிருந்து தொடங்கவும் முடியாது, வரிசை தலைகீழாகும். அகலத்தைக் குறைக்க முடியுமா சாரக்கட்டை அண்ணா?

#16 · சாரக்கட்டை · ஜனவரி 18

முடியும். 14 சென்டிமீட்டர் வைத்தால் 74 தப்பிக்கும், ஆனால் மொத்தம் 11.34 வரை போகும், கடைசி நான்கு பட்டை பெட்டிக்குப் பின்னால் போய்விடும். 13 வையுங்கள். 81 பட்டை 10.53 மீட்டரில் முடியும். பெட்டிக்கு 27 சென்டிமீட்டர் முன்பே. 74-வது 9.49 முதல் 9.62. பெட்டிக் கதவு திறக்க இடம் இருக்கும், லைன்மேன் கை வைக்கும் இடத்தில் ஓவியமும் இருக்காது. பெட்டியின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், அது வாரியத்தின் சொத்து. மூன்று வரி எழுத்தையும் ஜன்னல்களுக்கு இடையில் ஏற்றிவிடலாம்.

நிறம்: சி அடர்நீலம், ஜி செங்காவி, ஏ மஞ்சள் காவி, டி வெள்ளை. தாலோ நீலமும் இரும்பு ஆக்சைடு காவிகளும் மேற்கு வெயிலில் வருடக்கணக்கில் நிற்கும். பளிச்சென்ற மெஜந்தாவும் ஃப்ளோரசென்ட்டும் மலிவான ஆர்கானிக் சிவப்பும் இரண்டு கோடையில் வெளுக்கும். சின்ன ஸ்டெய்னர் பாட்டிலை வெள்ளையில் ஊற்றி நீங்களே கலக்காதீர்கள். கடை மெஷினில் வெளிச்சுவர் எமல்ஷனாகவே கலந்து வாங்குங்கள், நிறத்தின் எண்ணைக் குறித்து வையுங்கள். இந்த நான்கும் சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் தனித்தனியாகத் தெரியும். 74-ல் மேலே அடர்நீலம், கீழே வெள்ளை. நான்கில் மிகத் தூரத்துக்குத் தெரியும் ஜோடி அதுதான்.

ஒரு பட்டை ஏறக்குறைய 1 சதுர அடி. நீலம் 28, செங்காவி 24, மஞ்சள் 18 சதுர அடி. லிட்டருக்கு இரண்டு கோட்டில் 50 சதுர அடி போகும். மூன்றிலும் ஒரு லிட்டர் டப்பா வாங்கினால் பாதி மிஞ்சும், அது டச்–அப்புக்கு. ஓவியப் பகுதி 220 சதுர அடிக்கு பிரைமர் 2 லிட்டர், வெள்ளை 5 லிட்டர்.

மேலே வார்னிஷ் வேண்டாம். கீழேயிருந்து ஈரம் ஏறும் சுவரில் அது பால் போல் மங்கும்.

#17 · தொடர்சிகிச்சை · ஜனவரி 19

செங்காவி ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம்தான். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், தெரியாமல் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. நான்காவது வரிக்கு இடம் இருந்தால் எழுதுங்கள்: "மாத்திரையால் சிறுநீர் சிவந்தால் பயம் வேண்டாம்."

#18 · எழுத்துப்பலகை · ஜனவரி 19

இடம் இருக்கிறது, ஐந்தாவது ஆறாவது ஜன்னலுக்கு நடுவில். ஆனால் அந்த வரி மட்டும் 3 அங்குலம் போதும். அது பஸ் நிறுத்தத்திலிருந்து படிக்க அல்ல, நடைபாதையில் சுவரை ஒட்டி நடப்பவர் படிக்க.